நடவாளுங்க பாடின குடமுழுக்கு

எனக்குக் கோவம் ஜாஸ்தி. ஓதுவாருன்னா சாந்தம் வேணும், பொறுமை வேணும்னு இசைப் பள்ளியில வாத்தியாரு தெனமும் சொல்லுவாரு. பண்ணு எல்லாம் வந்துச்சு, சாந்தம் மட்டும் கடைசி வரைக்கும் வரல. ஆனா அந்தக் கோவம் இல்லாட்டி எங்க ஊரு சிவன் கோயில் குடமுழுக்குல ஒரு பென் டிரைவுதான் பதிகம் பாடியிருக்கும். ஓதுவாருன்னு பேர வெச்சிகினு நான் ஓரமா நின்னு அதைக் கேட்டுகினு இருந்திருப்பேன்.

எங்க ஊரு வடக்கனந்தல் பக்கம். மேக்கால பாத்தா கல்வராயன் மலை, கெழக்கால பாத்தா நெல்லும் கரும்பும். எங்கம்மா நடவாளு. தெருவுப் பொம்பளைங்க ஒரு கூட்டமா சேந்து போவாங்க, நடவுன்னா நடவு, களையெடுப்புன்னா களையெடுப்பு. அந்தக் கூட்டத்துல பாட்டு எடுக்கறது எங்கம்மாதான். வரிசையா குனிஞ்சி நின்னா அம்மா ஒரு அடி பாடும், மத்தவங்க அதையே திருப்பிப் பாடுவாங்க. எடது கையில நாத்து, வலது கை சேத்துல. ஒவ்வொரு குத்துக்கும் பாட்டுல ஒரு தட்டு வுழும். பாடிக்கினே பின்னாடி பின்னாடி போவாங்க. நடவு அப்படித்தான், நட்டதை மிதிக்காம பின்னால நகரணும்.

பன்னண்டாவது முடிச்சிட்டு நான் வூட்டுல குந்திகினு இருந்தப்ப, ஓதுவார் பயிற்சிக்குப் பொம்பளைப் புள்ளைங்களையும் சேத்துக்கறாங்க, எந்தத் தெருவுப் புள்ளையா இருந்தாலும் சரின்னு கேள்விப்பட்டேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட நோட்டீஸ் ஒட்டியிருந்ததை நானே போயி பாத்துட்டு வந்தேன். "கோயில்ல பாடறதெல்லாம் ஒரு உத்தியோகமா?"ன்னு அப்பா கேட்டாரு. சம்பளம் தராங்களாம்னேன். "அப்ப போ"ன்னாரு. எங்க வூட்டுல எவ்ளோ பெரிய விவாதமும் அவ்ளோதான்.

இசைப் பள்ளி தூரத்து ஊருல இருந்துச்சு. மொத நாளு வாத்தியாரு பாட்டே சொல்லித் தரல, ஒரு சண்டைக் கதை சொன்னாரு. பதிகங்கள்லாம் ஆயிரம் வருசத்துக்கு மேல பழசு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பண்ணு, அதாவது ஒரு மெட்டு, உண்டு. எழுத்து ஏட்டுல இருந்துச்சு, மெட்டு பாடறவங்க தொண்டையில இருந்துச்சு. பாடறவங்க கொறையக் கொறைய மெட்டும் கொறைஞ்சி போச்சு. போன நூற்றாண்டுல கச்சேரி மேடைக்குப் போனா வேற பாஷைப் பாட்டுதான் ஜாஸ்தி. தமிழ்ப் பாட்டு கடைசியில, ஜனம் எழுந்து செருப்பு தேடற நேரத்துல, துக்கடாவா வரும். அப்பதான் ஒரு கூட்டம் கெளம்பிச்சு. தமிழ்நாட்டு மேடையில தமிழ்ல பாடுங்கன்னு பேப்பருல எழுதினாங்க, சபையில மல்லுக்கு நின்னாங்க. ஓதுவாருங்களைக் குந்த வெச்சி, பாடச் சொல்லிக் கேட்டு, எது எந்தப் பண்ணுன்னு ஆராஞ்சி பிரிச்சாங்க. அதைத்தான் தமிழிசை இயக்கம்னாங்க. வாத்தியாரு இதைச் சொன்னப்ப எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. சண்டை போட்டு மீட்ட பாட்டா, அப்ப நம்ம கொணத்துக்கு ஏத்ததுதான்னு நெனச்சேன்.

பண்ணுங்க பேரு ஒண்ணொண்ணும் ஒரு அழகு. ஒரு பண்ணுக்குப் பேரு கொல்லி. கொல்லின்னதும் நான் கொல்லிமலைன்னு நெனச்சிகினு, "சார், கொல்லிக்கு ஒரு பண்ணு இருக்குதே, கல்வராயனுக்கு ஒண்ணு இல்லீங்களா?"ன்னு கேட்டுட்டேன். கிளாஸே சிரிச்சுது. வாத்தியாரும் சிரிச்சிட்டு, "இல்லம்மா, நீ வேணா ஒண்ணு பண்ணிக் குடு"ன்னாரு. கோவமா வந்துச்சு எனக்கு. அந்தக் கோவத்துலயே கொல்லியை மத்த எல்லாத்தையும் வுட நல்லா கத்துகினேன். தாலாட்டுற மாதிரி ஒரு ஆட்டம் இருக்கும் அதுல, கேட்டவங்களுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கும்.

லீவுல வூட்டுக்கு வந்தா சும்மா குந்த முடியுமா. நடவு சமயத்துல எங்க தெருவுல கை கால் நல்லா இருக்கற பொம்பளை எவளும் வூட்டுல இருக்க மாட்டா. நானும் எறங்குவேன். பள்ளிக்கூடத்துப் பாட்டு மறந்து போவக் கூடாதுன்னு கொல்லியில இருக்கற ஒரு பதிகத்தை வாய்க்குள்ளயே சொல்லிகினு நட்டேன். எப்பப் பாத்தாலும் வெத்தலை மென்னுகினு இருக்கற அக்கா ஒண்ணு எனக்குப் பக்கத்துல. "இன்னாடி முணுமுணுக்கற, வாயத் தொறந்துதான் பாடேன்"னுச்சு. பாடினேன். வாத்தியாரு சொல்லிக் குடுத்த மாதிரியே, தாளம் இல்லாம, இழுத்து, நிறுத்தி, ஒரு அடிக்கு ஒரு காத தூரம்.

"ஏண்டி, இந்தப் பாட்டுக்கு நட்டா அடுத்த பொங்கலுக்குத்தான் கரை ஏறுவோம்"னு வெத்தலைக்கார அக்கா சொல்ல, வரிசையே சிரிச்சுது. எங்கம்மா ஒண்டி சிரிக்கல. அடுத்த அடிய அது எடுத்துச்சு. அதே மெட்டு, ஆனா ஒவ்வொரு சொல்லும் நாத்து குத்தற கைக்கு ஏத்த மாதிரி வந்து வுழுந்துச்சு. மத்தவங்க திருப்பிப் பாடினாங்க. பொழுது சாயறதுக்குள்ள பதிகம் முழுசும் எல்லாருக்கும் பாடம். அடுத்த லீவுக்கு வந்தா, நான் இல்லாமயே அதைப் பாடி நட்டுகினு இருக்கறாங்க. போதாக்கொறைக்கு, ஒவ்வொரு பாத்தி முடிவுலயும் ஒரு குலவை வேற. எங்க வாத்தியாரு மட்டும் கேட்டிருந்தா மயக்கம் போட்டு வுழுந்திருப்பாரு.

படிப்பு முடிஞ்சி, இன்டர்வியூவுல பாடி, வேலை கெடைச்சுது. எங்க நல்ல நேரம், சொந்த ஊருக் கோயிலுக்கே போட்டாங்க. காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, சாமிக்கு முன்னாடி நின்னு பாடுவேன். கேக்கறதுக்கு குருக்களும் வௌவாலும். எங்கம்மா வேலை முடிஞ்சி வர்ற வழியில கோயிலுக்கு வரும், ஆனா கொடிமரத்தாண்டயே நின்னுக்கும். உள்ள வரக் கூடாதுன்னு இப்ப யாரும் சொல்றது இல்ல. எல்லாரும் வரலாம்னு போர்டே போட்டிருக்குது. அந்தக் காலு வராது, அவ்ளோதான். "உள்ள வாயேன்"னா, "இங்கயே நல்லாத்தான் கேக்குது"ன்னும். அந்த ஒரு பேச்சு எனக்கு நெஞ்சுல முள்ளா நின்னுச்சு.

அப்பதான் கோயிலுக்குத் திருப்பணி நடந்து, தை மாசத்துல குடமுழுக்குன்னு நாள் குறிச்சாங்க. திருப்பணிக் குழுத் தலைவரு ஊருல பெரிய நெலக்காரரு. எங்கம்மா கூட்டம் பரம்பரையா அவரு கழனியிலதான் நடறாங்க. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஊரு மெச்சணும்னு ஆசை ஜாஸ்தி, அவ்ளோதான். குழுக் கூட்டத்துல பந்தலு, சாப்பாடு, மேளம் எல்லாம் பேசி முடிச்சாங்க. நான் எழுந்து, "கடம் பொறப்பாட்டுல பதிகத்துக்கு இன்னாங்க ஏற்பாடு?"ன்னு கேட்டேன். யாகசாலையில பூஜை பண்ண புனிதத் தண்ணிக் கடங்களைத் தலையில வெச்சிகினு குருக்களுங்க கோயிலைச் சுத்தி வந்து, அப்பாலதான் கோபுரத்து மேல ஏறுவாங்க. ஊரு மொத்தமும் காத்துகினு இருக்கறது அந்த நேரத்துக்குத்தான்.

"அதான் மைக் செட்டுக்காரரு பெரிய பெரிய வித்வானுங்க பாடினதை பென் டிரைவுல ஏத்தி வெச்சிருக்காரே. கடம் கெளம்பும்போது போட்டு வுட்டா ஊரே அதிரும்"னாரு தலைவரு.

"அப்ப நான் எதுக்குங்க இருக்கறேன்?"

"நீ எப்பவும் போல கருவறையாண்ட பாடும்மா, யாரு வேணாங்கறது? கடம் பொறப்பாட்டுல நாதஸ்வரம், தவிலு, ஜனம்னு எத்தினி சத்தம். ஒத்தப் பொம்பளைக் கொரலு எங்க எடுபடும்? கும்பலா பாட ஆளு இருந்தா நானே சரின்னுவேன்."

எனக்குச் சுருக்குன்னு ஏறிப் போச்சு. "உங்க பென் டிரைவு சாமி கும்புடுமாங்க?"ன்னு கேட்டுட்டேன். குருக்கள் குனிஞ்சிகினு சிரிச்சாரு. தலைவரு சிரிக்கல. "கும்பலோட வரேன். எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீங்க, அப்பால பேச்சு மாறக் கூடாது"ன்னேன். "மாற மாட்டேன், இட்டுகினு வா"ன்னாரு. என்னால ஆவாதுன்னு நெனச்சிதான் சொன்னாருன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அந்தப் பொறப்பாட்டுல உசுருள்ள கொரலு பாடணும், மெஷின் பாடக் கூடாது. எனக்கு வேணும்னது அது ஒண்ணுதான்.

கூடப் படிச்சவங்க ஒருத்தரு வுடாம போன் போட்டேன். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒருத்தி, மணலூர்பேட்டையில ஒருத்தி, இன்னும் தெக்கால மேக்கால இருக்கறவங்க எல்லாரும். எல்லாருக்கும் அன்னிக்கே குடமுழுக்கு. முகூர்த்தம் நல்லா இருந்தா எல்லா ஊரு சாமிக்கும்தானே நல்லா இருக்கும், அதை நான் யோசிக்கவே இல்ல. போனை வெச்சிட்டு வூட்டுல மொகத்தைத் தூக்கி வெச்சிகினு குந்தியிருந்தேன்.

மறுநாளு அம்மாவுக்கு மதியச் சோறு எடுத்துகினு கழனிக்குப் போனேன். தலைவரு கழனிதான், மார்கழிக் கடைசி நடவு. வரப்புல நடந்து போறப்பவே கேக்குது, காத்துல கொல்லி. எங்கம்மா எடுக்குது, கூட்டம் திருப்புது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கணீர்னு கேக்குது. மைக்கு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கும்பலு கும்பலுன்னு ஊரெல்லாம் தேடினேனே, என் கும்பலு இதோ குனிஞ்சி நின்னு நட்டுகினு இருக்குதுன்னு தோணினதும் சோத்துத் தூக்கோட வரப்புல ஓடினேன்.

கரையேறி சோத்துக்கு குந்தினதும், கடம் பொறப்பாட்டுல வந்து பாடுங்கன்னு சொன்னேன். வெத்தலைக்கார அக்கா, "நான் வரேண்டி, எனக்கு ஆசைதான்"னு ஒடனே சொல்லிடுச்சு. மத்தவங்க எங்கம்மா மூஞ்சியைப் பாத்தாங்க. அம்மா சோத்தைப் பெசைஞ்சிகினே, "கோயில்லயா? நாங்களா? நாங்க சேத்துல பாடற ஆளுங்கடி. போயி வேலையைப் பாரு"ன்னுச்சு.

"சாமி பாட்டு பாடற வாயிக்கு சாமியாண்ட வர்றதுக்கு இன்னா பயமா?"ன்னு கத்திட்டேன்.

"பயந்தாண்டி"ன்னுச்சு அம்மா.

எங்கம்மா எதுக்கும் பயப்படாத பொம்பளை. பாம்பை மம்முட்டியில அடிச்சிட்டு அதே கையோட வாய்க்காலு வெட்டும். கூலி விசயத்துல தலைவரையே நிக்க வெச்சி பேசும். அது வாயால பயந்தான்னு சொன்னதும் என் கோவமெல்லாம் எறங்கிப் போயி அழுகை வந்துச்சு. நான் அழுததைப் பாத்துட்டு அதுக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கை கழுவிட்டு வந்து, "நீ கூடவே நிப்பியா?"ன்னு கேட்டுச்சு. நிப்பேன்னேன். "அப்ப தலைவரைக் கேளு. அவரு சரின்னா பாக்கலாம்."

தலைவரு நடவு பாக்க வரப்புக்கு வந்தப்ப நேராவே கேட்டேன். அவரு பொம்பளைங்களைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. மனசுல வந்ததைச் சொல்லாம, "சுருதி சேருமாம்மா?"ன்னாரு. "இப்பவே கேளுங்க"ன்னு சொல்லி நானும் புடவையைத் தூக்கிச் சொருவிகினு எறங்கினேன். அம்மா எடுத்துச்சு. ஒரு பாத்தி நட்டு முடியற வரைக்கும் பாடினோம். அவரு கொடையைக் கம்பா ஊனிகினு தாளம் போட்டாரு.

"இது நம்ம கழனிப் பாட்டு இல்ல? நான்கூட குளிக்கறப்ப பாடுவேனே"ன்னாரு.

"ஐயா, கடம் பொறப்பாட்டுக்குன்னு செட்டுக்காரரு பென் டிரைவுல ஏத்தி வெச்சிருக்காரே, கேட்டுப் பாத்தேன், அதே பதிகந்தாங்க இது"ன்னேன்.

கொடையில போட்ட தாளம் நின்னு போச்சு. அப்பால சிரிச்சிட்டாரு. "நல்லா மாட்டி வுட்டம்மா என்னை. சரி, பாடட்டும். ஆனா பென் டிரைவு ரெடியா இருக்கும். எங்கியாவது தடுமாறினீங்கன்னா செட்டுக்காரரு போட்டுடுவாரு. வெளியூரு ஜனம் எல்லாம் வருது, நம்ம ஊரு அசிங்கப்படக் கூடாது."

கெலிச்சிட்டோம்னு நெனச்சேன். கூத்து அதுக்கு அப்பாலதான் ஆரம்பிச்சுது. சாயங்காலத்துல நெல்லுக் களத்துல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சி பாடச் சொன்னேன். வரல. வருசக்கணக்கா பாடற பாட்டு, ரெண்டாவது அடியிலயே முட்டிகினு நின்னுச்சு. நிமிந்து நிக்கறாங்க, கை ரெண்டையும் எங்க வெக்கறதுன்னு தெரியல, வாயி தெறக்கல. இன்னொரு தடவை பாடச் சொன்னா, பாடறாங்க, ஆனா பாட்டு வர வர காலும் பின்னாடி போவுது. ஒரு பதிகம் முடியறதுக்குள்ள வரிசை மொத்தமும் களத்தை வுட்டு வெளிய போயி முள்ளுச் செடியில நிக்குது.

நகரக் கூடாதுன்னு ரேஷன் கடைச் செவுத்துல முதுகை ஒட்டி நிக்க வெச்சேன். சுத்தமா ஊமை ஆயிட்டாங்க. நான் கத்தின கத்துல ரேஷன் கடைக்காரரு வெளிய வந்து பாத்தாரு. "ஏண்டி, காலைக் கட்டிப்புட்டா வாயி எப்படி நடக்கும்?"னு வெத்தலைக்கார அக்கா கேட்டுச்சு. குலவை வேற. போடாதீங்கன்னு தலபாடா அடிச்சிகினேன். "சரிடி, போடல"ன்னுவாங்க, பாத்தி முடியற எடம் வந்ததும் நாக்கு தானா சொழலும். மலையிலேர்ந்து சந்தைக்கு வர்ற ஒரு அம்மாவாண்ட தொண்டைக்குக் கடுக்கா வாங்கியாந்து குடுத்தேன், அது ஒண்ணுதான் உருப்படியா நடந்துச்சு. பாடத் தெரியாதவங்களுக்குச் சொல்லித் தரலாம், பாடறது நின்னு போனவங்களை இன்னா பண்றது? தலைவரு சொன்னதே சரியாப் போச்சோன்னு உள்ளுக்குள்ள பயமும் வந்துடுச்சு.

கோயில்ல குருக்கள் பொறப்பாட்டு வழியைக் காட்டிகினு இருந்தாரு. மொதல்ல மேளம், அப்பால பதிகம், அதுக்கு அப்பால கடம். நான் வழியைப் பாத்துகினே நின்னேன். பதிகம் பாடறவங்க முன்னாடி போனா, கடத்துக்கு முதுகைக் காட்டிகினு போவணும். அது எனக்கு என்னமோ புடிக்கல. புடிக்கலன்னு நெனச்ச அந்த நிமிசமே எனக்குப் பளிச்சுன்னு ஆயிடுச்சு.

"சாமி, கடத்தைப் பாத்த மாதிரியே பின்னாடி நடந்து பாடலாங்களா?"

"பேஷா பாடலாம். சுவாமிக்கு முதுகு காட்டாம போறது நல்லதுதானே"ன்னாரு குருக்கள்.

ஓட்டமா களத்துக்கு ஓடினேன். எல்லாரு எடது கையிலயும் ஒரு பூத்தட்டைக் குடுத்தேன். வலது கையால நாத்து குத்தற தாளத்துக்குப் பூவைக் கீழ போடணும், காலு இஷ்டத்துக்குப் பின்னாடி போவலாம். அம்மா கொல்லியை எடுத்துச்சு. மடை தொறந்த தண்ணியாட்டம் வந்துச்சு பாட்டு. களத்தை முழுசா சுத்தி வந்தோம், ஒரு எடத்துல நிக்கல, ஒரு அடி தப்பல. வெத்தலைக்கார அக்கா துப்பிட்டு வந்து, "இதைத்தாண்டி மொதல்லேர்ந்து நாங்க பண்ணிகினு இருந்தோம்"னுச்சு. மெய்யாலுமே அப்படித்தான், நாந்தான் குறுக்க நின்னுகினு இருந்திருக்கறேன்.

குடமுழுக்கு அன்னிக்குக் காலையில ஊரு கொள்ளாத ஜனம். எங்க கூட்டம் தலைக்குக் குளிச்சி, துவைச்ச புடவையைக் கட்டிகினு, பூத்தட்டோட வந்துச்சு. கொடிமரத்தாண்ட வந்ததும் எங்கம்மா நின்னுச்சு. அம்மா நின்னதும் எல்லாரும் நின்னாங்க. நான் கையைப் புடிச்சேன். "நீ கூட இருக்கற இல்ல?"ன்னுச்சு. இருக்கறேன்னேன். ஆழம் தெரியாத சேத்துல எறங்கற மாதிரி பாத்துப் பாத்து காலை வெச்சி உள்ள வந்துச்சு. அந்த ஒண்ணுக்கே எனக்குப் போதும்னு இருந்துச்சு, ஆனா பாட்டு பாக்கி இருந்துச்சு.

கடங்களைத் தூக்கினாங்க. மேளம் வெடிச்சி கெளம்புச்சு. நான் மொத அடியை எடுத்தேன். தலைவரு சொன்ன மாதிரியே ஆச்சு. என் கொரலு எனக்கே கேக்கல. அம்மா கூட்டத்துக்கு எங்க கேக்கும், எல்லாரும் என் வாயைப் பாத்துகினு நிக்கறாங்க. பந்தலு ஓரத்துல செட்டுக்காரரு கை பட்டனாண்ட போறதை நான் பாத்தேன். ஓதுவாருங்கற பேரு இன்னியோட போச்சுன்னு நெனச்சேன்.

அப்ப எங்கம்மா இடுப்பை வளைச்சி குனிஞ்சுது. கழனியில குனியற மாதிரியே. குனிஞ்சி, பூவை எடுத்து கீழ போட்டுகினே, அந்த அடியை எடுத்துச்சு பாரு, வாய்க்காலுக்கு அந்தாண்டை இருக்கறவங்களைக் கூப்புடற கொரலு. மத்தவங்களும் குனிஞ்சாங்க. எல்லாரு கையும் ஒண்ணா எறங்குச்சு, எல்லாரு வாயும் ஒண்ணா தொறந்துச்சு. தவிலுக்காரரு திரும்பிப் பாத்தாரு. நடவுத் தட்டு தெரியாத தவிலுக்காரரு எங்க பக்கத்துல உண்டா? குச்சியை மெதுவாக்கி, எங்க கைக்குத் தாளம் போட ஆரம்பிச்சாரு. நாதஸ்வரம் வாசிச்சவரு வாயிலேர்ந்து எடுத்துட்டு கொஞ்ச நேரம் கேட்டாரு. அப்பால சன்னமா கொல்லியைப் புடிச்சிகினு எங்க கூடவே வந்தாரு.

நாங்க பின்னாடி நடக்கறோம். எங்களுக்கு முன்னாடி கடம், முதுகுப் பக்கம் மேளமும் ஜனமும். வழி பாத்துக்க ஆளு போடலியேன்னு எனக்கு நடுவுலதான் நெனப்பு வந்துச்சு. தேவையே படல. எங்க முதுகு வர வர ஜனம் ரெண்டு பக்கமும் ஒதுங்கிச்சு. பெரிய தெருக்காரங்க, வெளியூருக்காரங்க, சால்வை போட்டவங்க, எல்லாரும். பொறந்ததுலேர்ந்து ஒதுங்கி நின்ன பொம்பளைங்க வர்றாங்கன்னு ஊரு ஒதுங்கி நின்னுச்சு. அதைப் பாத்துகினே நான் ஒரு அடியைப் பாடாம வுட்டுட்டேன். பரவாயில்ல, பாட வேற ஆளு இருந்தாங்க.

கோயிலு மூலையில திரும்பறப்ப, நான் எது நடக்கக் கூடாதுன்னு தலபாடா அடிச்சிகினேனோ அது நடந்துச்சு. பாத்தி முடிஞ்சிதுன்னு நெனச்சாங்களோ இன்னாமோ, எல்லாரும் ஒண்ணா குலவையைப் போட்டாங்க. செட்டுக்காரரு பட்டனைத் தட்டிடுவாரோன்னு திரும்பிப் பாத்தேன். ஒரு நொடிதான். கூட்டத்துல இருந்த பொம்பளைங்க அத்தினி பேரும் திருப்பிக் குலவை போட்டாங்க. பெரிய தெருப் பொம்பளைங்க, மலையிலேர்ந்து வேன் புடிச்சி வந்தவங்க, எல்லாரும். அப்பால ஒவ்வொரு மூலைக்கும் போட்டோம், நானும் போட்டேன். வாத்தியாரு மன்னிச்சிக்கட்டும். செருப்பு தேடற நேரத்துப் பாட்டுன்னு ஒரு காலத்துல ஓரம் கட்டின தமிழ்ப் பாட்டை, அன்னிக்கு ஒரு ஊரே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நின்னு கேட்டுச்சு. சண்டை போட்டு இதை மீட்டுக் குடுத்தவங்க யாராவது இருந்து பாத்திருக்கணும்.

கடைசி மூலையில பாத்தேன், தலைவரு செட்டுக்காரரைப் பாத்து வேணாம் வேணாம்னு கையைக் காட்டிகினே நடந்து வராரு. அவரு வாயும் அசையுது. குளிக்கறப்ப பாடறவரு ஆச்சே, வுடுவாரா.

கடம் கோபுரத்துக்கு மேல ஏறுச்சு. கலசத்துல தண்ணி ஊத்தறப்ப ஊரெல்லாம் கருடன் வருதான்னு வானத்தைப் பாத்துகினு இருந்துச்சு. வந்துச்சுன்னாங்க. நான் பாக்கல, எங்கம்மாவைப் பாத்துகினு இருந்தேன். புதுசா வாங்கின ஸ்பிரேயருல அந்தத் தண்ணியை ஜனத்து மேல அடிச்சாங்க. அம்மா மொகத்தைத் தூக்கிக் காட்டிகினு, கண்ணை மூடிகினு, நனைஞ்சிகினு நின்னுச்சு.

எல்லாம் முடிஞ்சி குருக்கள் தட்டோட கீழ எறங்கி வந்தாரு. தட்டுல திருநீறும் மாலையும். முறைப்படி பதிகம் பாடினவங்களுக்கு மொதல்ல, அப்பாலதான் குழு, அப்பாலதான் ஊரு. தலைவரு, ஊருப் பெரியவங்க எல்லாம் காத்துகினு நிக்கறாங்க. "ஓதுவார்மாரெல்லாம் இப்படி வாங்கோ"ன்னு குருக்கள் சத்தமா கூப்புட்டாரு.

எங்கம்மா பதறிப் போச்சு. வெத்தலைக்கார அக்காவைப் புடிச்சி இழுத்து, மத்தவங்களையும் தள்ளி, "வழி வுடுங்கடி, ஓதுவாருங்க வராங்களாம்"னுச்சு. எல்லாரும் பூத்தட்டை மாரோட அணைச்சிகினு செவுத்தோட ஒட்டி நின்னுட்டாங்க. நானும் அம்மா பக்கத்துலயே நின்னேன், யாரும் வரல. குருக்கள் நேரா நடந்து வந்து எங்கம்மாவுக்கு முன்னாடி தட்டை நீட்டிகினு நின்னாரு.

"உங்களத்தாம்மா கூப்பிட்டேன்"னாரு.

அம்மா திரும்பிப் பின்னாடி பாத்துச்சு. அங்க செவுரு ஒண்டிதான் இருந்துச்சு. அப்பால மெதுவா கையை நீட்டுச்சு.